முன்பின் தெரியாத ஒருவருக்கு ஸ்டெம் செல் கொடுக்க மறுப்பது பாவமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படித்தபோது ஒரு முகாமில் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்து, இரத்த ஸ்டெம் செல் (இரத்த அணுக்களை உண்டாக்கும் மூலச் செல்) கொடையாளராகப் பதிவு செய்தீர்கள். அப்புறம் அதை மறந்தும் போய்விட்டீர்கள். இப்போது 26 வயது, வீட்டில் வரன் பார்க்கிறார்கள். இந்த நேரத்தில், உங்கள் செல் ஒரு நோயாளிக்குப் பொருந்துகிறது என்று அழைப்பு வந்திருக்கிறது. அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். நண்பர்கள் "ஒரு உயிர் போச்சுன்னா உன்னாலதான்" என்கிறார்கள். உங்கள் மனதில் இருப்பது: யாரென்றே தெரியாத ஒருவருக்காக என் உடம்பை வருத்திக்கொள்ளத்தான் வேண்டுமா, மறுத்தால் அது கொலைக்குச் சமமா, இதற்குச் சரி சொன்னால் நாளை கிட்னி கேட்டாலும் சரி சொல்லியாக வேண்டுமா.

இதில் முதல் பாதிக்கு மருத்துவம் பதில் சொல்லும். மற்றது அறம் சார்ந்த கேள்வி. நான் இரத்த வங்கியிலும், இரத்தத்திலிருந்து வேண்டிய பகுதியை மட்டும் எந்திரத்தால் பிரித்தெடுக்கும் அபெரிசிஸ் பிரிவிலும் பல வருடங்கள் வேலை பார்த்த மருத்துவர். கொடையாளர்களோடு உட்கார்ந்து, கையெழுத்துப் போடுவதற்கு முன் எல்லாவற்றையும் விளக்குவது என் வேலையில் ஒரு பெரிய பகுதி. தத்துவம் முறையாகப் படித்ததில்லை. அதனால் மருத்துவ விஷயங்களை உறுதியாகச் சொல்வேன். அறம் பற்றிச் சொல்வதை, இந்தக் குழப்பத்தில் நிறையப் பேரைப் பார்த்த ஒருவரின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு என்ன ஆகும் என்பதைத் தெளிவாக்காமல் தியாகம், கடமை என்றெல்லாம் பேசுவதில் அர்த்தமில்லை. இன்று பெரும்பாலான கொடைகள் கையில் உள்ள இரத்தக் குழாய் வழியாகத்தான் நடக்கின்றன. ஜி-சிஎஸ்எஃப் என்ற ஊசியை ஐந்து நாள் தோலுக்கடியில் போடுவார்கள். அது எலும்பு மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல்களை இரத்தத்துக்குள் இறக்கிவிடும். ஐந்தாம் நாள் ஒரு கையிலிருந்து இரத்தம் எந்திரத்துக்குள் போய், ஸ்டெம் செல் மட்டும் பிரிக்கப்பட்டு, மீதி இன்னொரு கை வழியாகத் திரும்பி வரும். நாலு முதல் ஆறு மணி நேரம் ஆகும். சில பேருக்கு அடுத்த நாளும் உட்கார வேண்டியிருக்கும். உடம்பில் உள்ள இரத்தம் மொத்தமும் இரண்டு மூன்று தடவை எந்திரத்துக்குள் போய் வரும் என்று கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் ஒரு நேரத்தில் வெளியே இருப்பது கொஞ்சம்தான்.

வலி இருக்குமா? இருக்கும். ஊசி போடும் நாட்களில் இடுப்பு, முதுகு, தொடை எலும்புகளில் காய்ச்சல் வருவதற்கு முன் வருவது போன்ற ஒரு குடைச்சல் பெரும்பாலானவர்களுக்கு வரும். தலைவலி, அசதி, தூக்கம் சரியாக இல்லாமை இவையும் உண்டு. பாராசிட்டமால் போட்டுச் சமாளிப்பார்கள். கொடுத்து முடித்துச் சில நாட்களில் அடங்கிவிடும். எந்திரத்தில் இருக்கும்போது உதடும் விரல் நுனியும் மரத்துப்போகும். இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது, கால்சியம் கொடுத்தால் சரியாகும். பெண்களுக்கு ஒரு விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கை நரம்பு மெலிதாக இருந்தால், கழுத்திலோ தொடை இடுக்கிலோ பெரிய குழாய் போட வேண்டி வரலாம். அதற்கு அதற்கான ஆபத்து உண்டு. உங்கள் நரம்பை முன்கூட்டியே ஒருவர் பார்த்துச் சொல்ல முடியும், சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொரு முறை, மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுப்பது. நோயாளியைப் பொறுத்து, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, சில மருத்துவர்கள் இதைக் கேட்பார்கள். சில நாட்கள் இடுப்பு வலிக்கும், உட்கார்ந்து எழச் சிரமமாக இருக்கும். எடுத்த மஜ்ஜையைச் சில வாரங்களில் உடம்பே ஈடுகட்டிக்கொள்ளும். உங்கள் அம்மா "முதுகுத்தண்டுல ஊசி போட்டு நடக்க முடியாம பண்ணிடுவாங்க" என்று பயப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். முதுகுத்தண்டுப் பக்கமே போவதில்லை. இடுப்பெலும்பு பின்னால் மேடாகத் தெரியும் அந்த இடம், அவ்வளவுதான். குழந்தை பிறக்காமல் போய்விடும் என்ற பயத்துக்கும் ஆதாரம் எதுவும் கிடையாது. கர்ப்பமாக இருக்கும்போது மட்டும் கொடுக்க முடியாது, அதனால் கொடைக்கு முன் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள்.

உயிராபத்து? பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். 2009-இல் வெளியான ஓர் ஐரோப்பிய ஆய்வில் 51,024 கொடைகளைப் பார்த்தார்கள். அதில் கொடையாளர் இறப்பு 5. உறவினர்களுக்குக் கொடுத்தவர்களும் அந்தக் கணக்கில் அடக்கம். பத்தாயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். பதிவேடுகள் வழியாக முன்பின் தெரியாதவருக்குக் கொடுப்பவர்களை உறவினர்களைவிடக் கறாராகப் பரிசோதித்து, தகுதியில்லாதவர்களைக் கழித்துவிடுவார்கள் என்பதால் உங்கள் ஆபத்து அதைவிடக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இந்த இடத்தில் "வாய்ப்பு அதிகம்" என்றுதான் சொல்ல முடியும்.

அதுபோல ஜி-சிஎஸ்எஃப் ஊசியால் பிற்காலத்தில் இரத்தப் புற்றுநோய் வருமா என்ற கேள்வி. வெள்ளணுக்களைத் தூண்டும் மருந்து என்பதால் இந்தச் சந்தேகம் நியாயமானதுதான், ஆராய்ச்சியாளர்களுக்கும் இருந்தது. 1990-கள் முதல் ஆரோக்கியமான கொடையாளர்களுக்கு இதைக் கொடுத்துவருகிறார்கள். அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகளில் சாதாரண மக்களைவிட அதிகமாகப் புற்றுநோய் வரவில்லை, நான் மேலே சொன்ன ஆய்வும் அதையே சொல்கிறது. ஆனாலும் மிக அரிதான ஓர் ஆபத்து ஐம்பது வருடம் கழித்து வருமா என்பதை எந்த ஆய்வாலும் முழுக்கத் தள்ளிவிட முடியாது. "நூறு சதவீதம் பாதுகாப்பு" என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் விளக்கவில்லை, ஆள் பிடிக்கிறார்.

ஆக உங்களிடம் கேட்கப்படுவது: ஒரு வாரம் பத்து நாள் உடல் சிரமம், வேலைக்குச் சில நாள் விடுப்பு, மிகச் சிறிய ஆனால் இல்லை என்று சொல்ல முடியாத ஆபத்து. கைமாறாகப் பணம் கிடையாது. யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதும் உடனே தெரியாது, பொதுவாக ஒரு வருடம் கழித்து இரண்டு பேரும் சம்மதித்தால் மட்டும் சந்திக்கலாம். அந்தப் பக்கம் இருப்பவருக்கு இது பெரும்பாலும் கடைசிக் கட்ட வைத்தியம். அதுவும் நிச்சயமான வைத்தியம் இல்லை. மாற்று சிகிச்சை நடந்தும் கிருமித் தொற்றாலோ, புது செல்கள் உடம்பைத் தாக்குவதாலோ, நோய் திரும்ப வருவதாலோ இறப்பவர்கள் உண்டு. நீங்கள் கொடுப்பது ஒரு வாய்ப்பு. நண்பர்கள் சொல்வது போல உங்கள் கையில் ஓர் உயிர் அப்படியே இருக்கவில்லை.

சரி, மறுத்தால் கொலையா? இல்லை. நோய் நீங்கள் கொடுத்ததில்லை. அவருக்கு இருக்கும் ஒரே வழி நீங்கள்தான் என்பதும் உங்களுக்குத் தெரியாது. பொருந்துகிற வேறு கொடையாளர் பட்டியலில் இருக்கலாம். இப்போதெல்லாம் பெற்றோரோ பிள்ளையோ பாதி மட்டும் பொருந்தினாலும் மாற்று சிகிச்சை செய்கிறார்கள். ஆனால் இதை வசதியான சாக்காகவும் எடுத்துக்கொள்ள முடியாது. கூடப்பிறந்தவர் முழுக்கப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புதான். வெளியாட்களில் தேட உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கு மேல் பெயர்கள் உண்டு, அதில் இந்தியாவிலிருந்து சில லட்சங்கள்தான். திசுப் பொருத்தம் பரம்பரையாக வருவது. நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்திருப்பதால், ஒரு பிரிவில் சாதாரணமாகக் காணப்படும் பொருத்தம் அமெரிக்காவிலோ ஜெர்மனியிலோ தேடினால் கிடைப்பது கடினம். 2009-இல் சென்னையில் தாத்ரி என்ற ஸ்டெம் செல் கொடையாளர் பதிவேடு தொடங்கப்பட்டதன் தேவையும் இதுதான். உங்களுக்கு அழைப்பு வந்திருக்கிறது என்றால், உங்கள் இடத்தில் நிற்கக்கூடியவர்கள் அதிகம் இல்லை என்று நினைத்துக்கொள்வதே சரி.

இந்த விஷயம் ஒரு தடவை நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. 1978-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மெக்ஃபால் என்பவருக்கு இரத்த அணுக்கள் உற்பத்தியாகாத அப்லாஸ்டிக் அனீமியா. அவருடைய சித்தப்பா பெரியப்பா மகனோ அத்தை மாமா மகனோ, ஏதோ ஒரு ஒன்றுவிட்ட முறையில் உறவான ஷிம்ப் முதல் பரிசோதனைக்கு வந்தார், பொருத்தம் நன்றாக இருந்தது, அதற்குப் பிறகு மாட்டேன் என்றுவிட்டார். மெக்ஃபால் வழக்குப் போட்டார். நீதிபதி ஃப்ளாஹெர்ட்டி, ஷிம்ப் மறுப்பது அறப்படி நியாயப்படுத்த முடியாதது என்று வெளிப்படையாகவே சொன்னார். சொல்லிவிட்டு, ஒருவர் உடம்புக்குள் கைவைக்கச் சட்டம் கட்டாயப்படுத்த முடியாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். இரண்டு வாரத்தில் மெக்ஃபால் இறந்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பில் இரண்டு பாதியும் முக்கியம். உங்கள் அம்மா ஒரு பாதியை வைத்துப் பேசுகிறார், யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறார். உங்கள் நண்பர்கள் இன்னொரு பாதியை வைத்துப் பேசுகிறார்கள். மறுக்க உரிமை உண்டு என்பதும், எல்லா மறுப்பும் சரியானதே என்பதும் வேறு வேறு. முதலாவதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவதில், இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய உதவி செய்ய முடியும் என்றால், உடல்நிலை போன்ற தனிக் காரணம் எதுவும் இல்லாதவர் செய்வது நல்லது, செய்யாமல் விட்டால் ஏதோ ஒன்று குறைகிறது என்பது என் கருத்து. கொலை என்ற சொல் அதற்குப் பொருந்தாது. நம் எல்லோர் வாழ்க்கையிலும் அப்படி விட்டுப்போன நல்ல காரியங்கள் இருக்கின்றன, நாம் கொலைகாரர்களாகச் சுற்றிக்கொண்டிருக்கவில்லை.

இதுவரை சொன்னது ஓரளவு எல்லோரும் சொல்வதுதான். நான் அழுத்திச் சொல்ல வருவது வேறு: இந்தக் கேள்வியின் கனம் நாளுக்கு நாள் மாறுகிறது. யாருமே இதை உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது.

முகாமில் பஞ்சுக்குச்சியைத் தேய்த்துக் கொடுத்த நாளில் நீங்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. என்னைத் தேடலாம் என்று மட்டும் சொன்னீர்கள். அழைப்பு வந்தபின் உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பீர்கள். அப்போதும் விலகலாம், அந்தப் பக்கத்தில் ஏமாற்றம் வரும், ஆனால் அடுத்த பெயரைத் தேட நேரம் இருக்கும். பிறகு முழு உடல் பரிசோதனை, விளக்கம், சம்மதக் கையெழுத்து, தேதி குறிப்பது. கொடைக்கு ஒரு வாரம், சில சமயம் பத்து நாள் முன்பாக நோயாளிக்குக் கண்டிஷனிங் தொடங்கும். வீரியமான கீமோதெரபி, சில பேருக்குக் கதிர்வீச்சு. அவருடைய சொந்த மஜ்ஜையை அது அழித்துவிடும். புது செல் வந்து இறங்கவில்லை என்றால் அவர் உடம்பு இரத்தம் உண்டாக்காது. நோய் மாதக்கணக்கில் செய்திருக்கக்கூடியதை இப்போது வைத்தியமே சில வாரத்தில் செய்துவிடும். அவசரமாக வேறு வழி தேடுவார்கள், கிடைக்காவிட்டால் பெரும்பாலும் உயிர் போய்விடும்.

சட்டப்படி அந்தக் கட்டத்திலும் நீங்கள் விலகலாம். யாரும் உங்களைக் கட்டிவைத்து ஊசி போட மாட்டார்கள். ஆனால் அப்போது விலகுவதை நான் முதல் கட்டத்தில் விலகுவதோடு ஒன்றாக வைக்கவே மாட்டேன். முதல் கட்டத்தில் மறுப்பவர் ஓர் உதவியைச் செய்யாமல் விடுகிறார். கடைசிக் கட்டத்தில் மறுப்பவர், தன் சொல்லை நம்பி இன்னொருவர் தன் மஜ்ஜையையே அழித்துக்கொண்ட பிறகு கையை விரிக்கிறார். செலவு அதே ஊசி, அதே எந்திரம், அதே ஆறு மணி நேரம்தான். கடமை மட்டும் பல மடங்கு கூடிவிட்டது. கொரோனா காலத்தில் கொடையாளருக்குக் காய்ச்சல் வந்தாலோ விமானம் நின்றாலோ என்ன செய்வது என்ற பயத்தில், பல நாடுகளில் செல்களை முன்பே வாங்கி உறையவைத்த பிறகுதான் நோயாளிக்குக் கண்டிஷனிங் தொடங்கினார்கள். அந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்பது இந்தத் துறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

சிபிச் சக்கரவர்த்தி கதையைச் சின்ன வயதில் கேட்டிருப்பீர்கள். புறாவுக்காகத் தொடைச் சதையை அறுத்துத் தராசில் வைத்தவர். இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு அந்தக் கதை வேறு மாதிரி தெரிகிறது. ஊரில் உள்ள எல்லாப் புறாவுக்கும் அவர் சதை கொடுக்கவில்லை. பருந்துகள் தினமும் எத்தனையோ புறாவைத் தின்றுகொண்டிருந்திருக்கும். தன் மடியில் வந்து விழுந்து, அவரும் அடைக்கலம் என்று சொல்லிவிட்ட அந்த ஒன்றுக்குத்தான் கொடுத்தார். தராசு அதற்குப் பிறகுதான் வருகிறது.

அதனால்தான் தடுமாறிக்கொண்டே சரி சொல்பவரைவிட, முதலிலேயே தெளிவாக மாட்டேன் என்பவர் நோயாளிக்கு நல்லது செய்கிறார் என்று நான் நினைக்கிறேன். எங்கள் அனுபவத்தில் மிகவும் சிரமம் தருபவர்கள் இல்லை என்று சொல்பவர்கள் அல்ல. அழைத்தால் எடுக்காதவர்கள், "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று மூன்று வாரம் இழுப்பவர்கள், சங்கடப்பட்டுக்கொண்டு சரி என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் எப்படித் தப்பிப்பது என்று யோசிப்பவர்கள். அந்த மூன்று வாரத்தில் லுக்கேமியா என்ற இரத்தப் புற்றுநோய் காத்திருப்பதில்லை. கீமோவில் அடங்கிய நோய் திரும்பத் தலைதூக்கினால் மாற்று சிகிச்சைக்கான வாய்ப்பே மூடிவிடும். நம் ஊரில் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று பழகியிருக்கிறோம். இந்த ஒரு இடத்தில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும்.

இனி கிட்னி. இதற்குச் சரி சொன்னால் அதற்கும் சொல்லியாக வேண்டுமா என்பது உங்கள் கேள்விகளிலேயே கெட்டிக்காரத்தனமானது. மறுப்பதற்கு வழி தேடுபவர்கள் கேட்பதாகத் தோன்றும், ஆனால் நேர்மையாக யோசிப்பவர்களும் இங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் ஜெல் க்ராவின்ஸ்கி என்று ஒருவர். ரியல் எஸ்டேட்டில் சேர்த்த கோடிக்கணக்கான டாலர் சொத்தில் பெரும்பகுதியைத் தானம் செய்தார். போதவில்லை என்று தோன்றியது. 2003-இல், மனைவி எதிர்த்தபோதும், அவருக்குச் சொல்லாமல் மருத்துவமனைக்குப் போய் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கிட்னி கொடுத்தார். அவர் சொன்ன கணக்கு இது: கொடுப்பதால் நான் சாக நாலாயிரத்தில் ஒரு வாய்ப்பு, கொடுக்காவிட்டால் அவர் சாவது உறுதி, அப்படியானால் கொடுக்காமல் இருப்பது என் உயிரை இன்னொருவர் உயிரைவிட நாலாயிரம் மடங்கு உசத்தியாக நினைப்பது. இந்தக் கணக்கில் எனக்குப் பிழை கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஆனால் இதே கணக்கு இரண்டாவது கிட்னியையும் கேட்கும், கல்லீரலையும் கேட்கும். கடைசியில் கொடுப்பவரே மிஞ்ச மாட்டார். உயிரை உயிரோடு மட்டும் நிறுத்துப் பார்த்தால் இப்படித்தான் போய் முடியும். நமக்குப் பிள்ளை, பெற்றோர், வேலை, சொந்த ஆசை என்று ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதை நடத்துவதும் ஒரு நியாயமான காரணம்தான், அதைச் சுயநலம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தக் காரணம் எவ்வளவு செலவு வரை ஈடு கொடுக்கும் என்று கோடு கிழித்துக் காட்ட என்னால் முடியாது. பத்து நாள் சிரமத்துக்கு எதிராக அது ரொம்பப் பலவீனமான காரணம், ஓர் உறுப்புக்கு எதிராகப் பலமான காரணம், இவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

இரண்டும் உண்மையிலேயே வேறு வேறு அளவுதான். மஜ்ஜை திரும்ப ஊறும், கிட்னி திரும்ப முளைக்காது. அமெரிக்காவில் 2014-இல் வந்த ஓர் ஆய்வின் மதிப்பீட்டில், கிட்னி கொடுத்தவர்களில் பத்தாயிரத்தில் 90 பேருக்கு வாழ்நாளில் சிறுநீரகம் முழுக்கச் செயலிழக்கும், அதே அளவு ஆரோக்கியமாக இருந்து கொடுக்காதவர்களில் 14 பேருக்கு. நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான், ஆனாலும் ஆறு மடங்கு. உங்கள் வயதுப் பெண்களுக்கு இன்னொன்று: கனடாவில் நடந்த ஆய்வில், கிட்னி கொடுத்த பிறகு கருத்தரித்தவர்களில் 11 சதவீதம் பேருக்குக் கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறு வந்தது, கொடுக்காதவர்களில் 5 சதவீதம். குழந்தை பெறாத இளம்பெண் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கிட்னி கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன், கூச்சமில்லாமல்.

நம் நாட்டுச் சட்டமும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி உயிரோடு இருப்பவர் நெருங்கிய உறவினருக்குத்தான் கிட்னி கொடுக்கலாம். மற்றவருக்கென்றால் அன்பினாலோ வேறு தனிக் காரணத்தாலோ கொடுக்கிறார், பணம் கைமாறவில்லை என்று அங்கீகாரக் குழு திருப்தியடைய வேண்டும். இந்தக் கெடுபிடிக்குக் காரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னை வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்தில் கிட்னிவாக்கம் என்றே பெயர் வந்தது. சென்னையில் கிட்னியை விற்ற 305 பேரைச் சந்தித்து எழுதிய ஆய்வு 2002-இல் வெளிவந்தது. 96 சதவீதம் பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்பு போல இல்லை என்றார்கள். தன் உடம்பை வருத்தி முன்பின் தெரியாதவரைக் காப்பாற்றியவர்கள் என்று எண்ணிப் பார்த்தால், நம் ஊரில் அதிகம் செய்தவர்கள் இவர்கள்தான். யாரும் அவர்களுக்குத் தியாகி என்று பேர் வைக்கவில்லை.

மறுபக்கம் விரும்பியே கொடுத்தவர்களும் உண்டு. கேரளாவில் டேவிஸ் சிரமேல் என்ற பாதிரியார் 2009-இல் கொடுத்தார். வி-கார்டு நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி 2011-இல் ஒரு லாரி டிரைவருக்குக் கொடுத்தார். அப்போது பாலா மறைமாவட்டத் துணை ஆயராக இருந்த ஜேக்கப் முரிக்கன் 2016-இல் கொடுத்தார். இவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் இவர்களைக் காட்டி உங்களிடம் "நீ ஏன் கொடுக்கக் கூடாது" என்று கேட்க மாட்டேன். அதிகப்படியாகச் செய்பவர்களை அளவுகோலாக வைத்தால் மற்ற எல்லோரும் குற்றவாளிகளாகிவிடுவோம். 2014-இல் அமெரிக்காவில், முன்பின் தெரியாதவருக்குக் கிட்னி கொடுத்த 19 பேரின் மூளையை ஸ்கேன் செய்து, மற்றவர் முகத்தில் தெரியும் பயத்துக்கு அவர்களுடைய மூளையில் உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி அதிகம் அசைகிறது என்று எழுதினார்கள். சுவாரஸ்யமான விஷயம், ஆனால் 19 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதை வைத்துக் கொடுப்பவர்கள் பிறவியிலேயே வேறு மாதிரி என்று முடிவுகட்ட நான் தயாரில்லை.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு 18 வயது தாண்டிவிட்டது, சட்டப்படி உங்கள் கையெழுத்துப் போதும். ஆனால் க்ராவின்ஸ்கி மாதிரி சொல்லாமல் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொள்கை ஒரு பக்கம், நடைமுறையும் இருக்கிறது. ஊசி போடும் ஐந்து நாளும் நீங்கள் வீட்டில் முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பீர்கள், அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தால் கண்டிஷனிங் தொடங்கிய பிறகுதான் வீட்டில் சண்டை வெடிக்கும், மிக மோசமான நேரத்தில். எதிர்ப்பு இருந்தால் அது இப்போதே முழுதாக வெளியே வந்துவிடட்டும். கல்யாணப் பேச்சும் அப்படித்தான். "பொண்ணுக்கு ஏதோ ஆபரேஷன் ஆச்சாமே" என்று ஊர் பேசும் என்ற அம்மாவின் கவலையை நான் சிரித்து ஒதுக்க மாட்டேன், அந்தப் பேச்சால் வரும் நஷ்டம் உங்களுக்குத்தானே தவிர எனக்கு இல்லை. ஆனால் இது தழும்பு விடும் ஆபரேஷன் இல்லை என்பதையும் அவர் தெரிந்துகொண்டு கவலைப்படட்டும்.

அவருக்குச் சொல்ல ஒரு தகவல். இந்தப் பதிவேடு முறையைத் தொடங்கியதே ஓர் அம்மாதான். லண்டனில் 1974-இல் ஷெர்லி நோலன், தன் மகன் அந்தோணிக்குப் பொருத்தமான ஆள் கிடைக்காமல் ஊர் பேர் தெரியாதவர்களின் பெயர்களைச் சேர்க்கத் தொடங்கினார். மகனுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை, 1979-இல் இறந்துவிட்டான். இதைச் சொல்லி உங்கள் அம்மாவை மடக்க வேண்டாம். அந்தப் பக்கத்திலும் ஒரு வீடு இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இப்போது செய்ய வேண்டியது. அழைத்த ஒருங்கிணைப்பாளரிடம் இந்த வாரமே பேசி, விளக்கச் சந்திப்புக்கு அம்மாவையும் கூட்டிவரலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். கையிலிருந்தா இடுப்பிலிருந்தா, கை நரம்பு போதுமா, இல்லையென்றால் கழுத்துக் குழாய்க்குச் சம்மதிக்காமல் இருக்கலாமா, பிறகு உடம்புக்கு ஏதாவது வந்தால் செலவு யாருடையது, எழுத்தில் தருவார்களா, இவற்றைக் கேளுங்கள். ஏதாவது தைராய்டு, மூட்டுவாதம், இரத்தம் உறைதல் பிரச்சினை இருந்தால் மறைக்காதீர்கள், மறுக்க அதுவே போதுமான காரணமாக இருக்கலாம். அப்புறம் நோயாளிக்குக் கண்டிஷனிங் எந்தத் தேதியில் தொடங்கும் என்று கேட்டு, அதை உங்கள் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி வரை மனசு மாறினால், காரணம்கூடச் சொல்ல வேண்டாம், அன்றைக்கே போன் செய்து சொல்லிவிடுங்கள். மாறவில்லை என்றால் ஊசி போடும் முதல் நாளை வெள்ளிக்கிழமையாக வைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், ஆபீஸ் விடுப்பில் இரண்டு நாள் மிச்சமாகும்.